ஆளுக்கு ஒரு சாமான்

அந்த மொபெட் நாகர்கோவிலிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்துசேர ஒன்றரை வருடம் ஆனது. வழியில் எங்கும் பழுதாகி நின்றுவிடவில்லை. ஒரேயடியாகக் கிளம்பவில்லை, அவ்வளவுதான். முன்சக்கரம் ஒருவருடைய அட்டைப்பெட்டியிலும் பின்சக்கரம் இன்னொருவருடைய பெட்டியிலும் வந்தன. ஹாண்டில்பாரைக் கொண்டுவந்தவர் அதைத் தன் வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்தார். பெட்ரோல் டேங்க் பலாக்காய் சிப்ஸோடு வந்தது. டேங்கை எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவியதாக, ஊரிலிருந்து அனுப்பிவைத்த மாமா போனில் சத்தியம் செய்தார். ஆனாலும் அந்தச் சிப்ஸில் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தது. ஊர்ச் சிப்ஸ் என்பதால் ஒன்றைக்கூட நாங்கள் வீணாக்கவில்லை.

அப்பாவுக்கு ஏசி மெக்கானிக் வேலை. வாரத்தில் ஆறு நாள் யார் யாருடைய மொட்டைமாடியிலோ வெயிலில் வெந்துகொண்டிருப்பார். லீவு நாளான வெள்ளிக்கிழமை காலையில் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், மற்ற வீட்டு அப்பாக்கள் மீன் மார்க்கெட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் சீட்டாடப் போவார்கள். எங்கள் அப்பா தொழில்பேட்டைக்குப் போவார். அங்கே பெஷாவர்க்காரர் ஒருவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜ் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கராஜின் பின்மூலையில் அப்பாவுக்கு ஒரு கட்டில் அளவு இடம் கொடுத்திருந்தார். பதிலுக்கு அப்பா அவருடைய ஏசியைக் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த இடத்தில்தான் அப்பா பழைய மொபெட்டுகளை வாங்கிவந்து உயிர் கொடுத்தார். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய உதிரிபாகக் குவியல்களுக்கு அடியில் நசுங்கிக் கிடப்பவற்றை எப்படித்தான் மோப்பம் பிடிப்பாரோ தெரியாது. நாங்கள் வருவதற்கு முன்பே இரண்டை முடித்திருந்தார். ஆணி ஆணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, பாயிடம் கெஞ்சிப் பெயிண்ட் வாங்கி முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முடித்த பிறகு அவற்றைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேப்பர் இல்லாத வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. ஒன்று, பாயின் ஆட்கள் கராஜ் வளாகத்துக்குள் சாயா வாங்கிவரப் பயன்பட்டது. மற்றது பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது.

“ஓட்ட முடியாத வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்று அம்மா கேட்பாள்.

“தொட்டியில வளக்க மீனைப் பொரிச்சா தின்னுதாங்க?” என்பார் அப்பா. இந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவை அந்தக் கேள்வியைக் கேட்கவைத்து, பதிலை ஒருமுறை சொல்லிவிடுவார்.

மூன்றாவது வண்டிதான் நாகர்கோவிலில் இருந்தது. அது அம்மாவுடையது.

ஷார்ஜாவுக்கு வரும் முன் அம்மா நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். அப்பா இங்கே தனியாக இருந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். மீதிப் பதினொரு மாதமும் அம்மாவும் நானும் அந்த மொபெட்டும்தான். அம்மா என்னை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே டூட்டிக்குப் போவாள். வாட்சை எப்போதும் முகப்பு உள்மணிக்கட்டில் வருகிறமாதிரி திருப்பிக் கட்டியிருப்பாள். நாடி பிடிக்க அதுதான் தோது என்பாள். ஹாண்டிலைப் பிடித்திருக்கும் அவள் கைக்கு உள்ளே நான் நிற்பதால் வழியெல்லாம் எனக்கு மணி தெரியும். டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாட்சை வெளிப்பக்கம் திருப்பிவிடுவாள். அதற்குப் பிறகு அவளிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கு ஃபேமிலி விசா கிடைத்தது. அம்மா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மொபெட் மாமா வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்திவைக்கப்பட்டது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கோழிகள் அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்ததாகப் பின்னர் சொன்னார்.

இங்கே நர்ஸ் வேலை பார்க்க வேண்டுமானால் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் உண்டு. ஊரில் வேலையை விட்டுக் குறிப்பிட்ட காலத்துக்குள் பாஸாகிவிட வேண்டும். தாண்டிவிட்டால் திரும்ப ஊருக்குப் போய் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, அந்தச் சர்ட்டிபிகேட்டோடு வந்தால்தான் மறுபடி எழுத விடுவார்கள். பிள்ளையையும் புருஷனையும் இங்கே விட்டுவிட்டு யார் போவது? அம்மாவின் கணக்குப்படி இரண்டாவது வருட டிசம்பரோடு கெடு முடிகிறது. இது எனக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் அடிக்கடி பேசப்பட்ட விஷயம்தான். தெரிந்திருந்தது என்று சொல்வதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் ஒன்றுமில்லை. விசா காலாவதி, பால் காலாவதி என்பதுபோல அதுவும் ஒரு காலாவதி.

முதல் வருடம் வீடு மாறுவதிலும் எனக்கு மஞ்சள்காமாலை வந்ததிலும் போய்விட்டது. வந்த சில மாதத்திலேயே அம்மா பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வராமல் அங்கேயே நிற்கத் தொடங்கினாள். கட்டடத்தில் யாருக்காவது தலைசுற்றல் என்றால் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடுவாள். அப்பா இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. கவனித்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

“இவளுக்கு அந்த வண்டி இல்லாம முகம் வாடிக் கெடக்கு. அதை இஞ்ச கொண்டாந்திரணும்” என்றார் பாயிடம், அவருக்குத் தெரிந்த ஹிந்தியில். பாய் அதை நம்பினார். நானும் நம்பினேன். அம்மா மட்டும் சிரித்துவிட்டு, கிறுக்கு என்று சொன்னாள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். லீவில் ஊருக்குப் போகிறவர் கிளம்புமுன் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, ஏதாவது கொண்டுபோகணுமா, வரும்போது ஏதாவது கொண்டுவரணுமா என்று கேட்பார். கேட்காவிட்டால் ஜென்மத்துக்கும் வருத்தம். கேட்டால், ஒரு சாமான் சொல்லலாம். ஒன்றே ஒன்று, இரண்டு கிலோவுக்குள். அதுதான் மரியாதை. இரண்டு சாமான் சொன்ன குடும்பத்தைப் பற்றிப் பத்து வருடம் கழித்தும் பேசுவார்கள். அவரவர் பெட்டிக்கு விமானத்தில் முப்பது கிலோதான் கொள்ளும். அதில் பாதி அவருடைய மாமியார் கொடுத்துவிடும் மரச்சீனிக்கிழங்கு.

மற்ற வீடுகளில் அந்த ஒரு சாமான் கருவாடாகவோ கருப்பட்டியாகவோ இருக்கும். எங்கள் வீட்டில் அது மொபெட்டின் ஏதாவது ஓர் உறுப்பு. மாமா ஊரில் வண்டியைக் கழற்றிக் கழற்றி, போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார். வண்டியின் இரும்புக்கூடு மட்டும் பெட்டியில் அடங்காது. வீட்டுச் சாமான் முழுவதையும் கப்பலில் கொண்டுவந்த ஒருவர், தன் கட்டில் சட்டத்தோடு அதையும் கட்டிக் கொண்டுவந்தார். என்ன வந்தது, என்ன பாக்கி என்று எழுதிவைக்கும் வேலை எனக்கு. பள்ளிக்கூட ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் போட்டு, வந்ததை அடிப்பேன். அந்த நோட்டினால் வீட்டில் எனக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. மாமாகூட போனில், “ஆபீசர் இருக்காங்களா?” என்று என்னைத்தான் கேட்பார்.

இரண்டாவது கோடையில் நாங்கள் மூவரும் லீவில் ஊருக்குப் போனோம். திரும்பும்போது இரண்டு பெரிய சாமான்கள் எங்களோடு வர வேண்டியிருந்தது. ஒன்று எஞ்சின். அப்பா நான்கு நாள் மாமா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அம்மாவின் பழைய நைட்டியில் பொதிந்திருந்தார். எஞ்சினில் மேக்னட் மட்டும் இல்லை. அதற்குள் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் எரிந்துபோயிருந்ததால் புதிதாகச் சுற்றுவதற்குக் கொடுத்திருந்தார்கள். அது பிற்பாடு வரும். மேக்னட் இல்லாவிட்டால் எஞ்சினில் தீப்பொறி வராது என்று அப்பா எனக்கு விளக்கியிருந்தார்.

இரண்டாவது சாமான், அம்மாவின் புத்தகங்கள். நர்சிங் படித்த காலத்துத் தடித்தடியான மூன்று புத்தகங்கள். அச்சுப் புத்தகம் ஷார்ஜாவிலும் கிடைக்கும். ஆனால் இவற்றின் ஓரங்களில் எட்டு வருட டூட்டியில் அவள் பார்த்ததெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. பரீட்சைக்கு நவம்பரில் தேதி போட்டிருந்தாள். அதற்குமேல் தள்ளினால் கெடு போய்விடும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போட்டார்கள். ஏழு கிலோ கூடுதல். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, “ஏழு கிலோ எடுத்து மாற்றணும், சேட்டா” என்றாள். பிறகு நடந்தது கல்ஃப்காரர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். வரிசைக்குப் பக்கத்திலேயே தரையில் பெட்டியைத் திறந்து, எங்கள் உள்துணி, அச்சுமுறுக்கு, எஞ்சின் எல்லாவற்றையும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா அரிசிமாவை எடுத்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். ஊறுகாயை எடுத்தாள். அதுவும் போதவில்லை. எஞ்சினை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகங்களை எடுக்க வேண்டும். இருவருக்கும் அது தெரிந்தது. இருவரும் முறுக்கு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எஞ்சின்மேல் கை வைத்தார். எடுப்பதற்குத்தான் வைத்தார் என்று இன்று தோன்றுகிறது. அம்மா அதற்குள் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டாள். “நாலு நாள் கழுவினதுல்லா, அது நம்ம கூட வரட்டு. புத்தகம் பொறவு ஆரு கையிலயாவது வரும்” என்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார். போலீஸ்காரரிடம் சொல்லி அப்பா அவற்றை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் ஒருவரும் ஊரிலிருந்து வரவில்லை. பள்ளி திறந்த பிறகு யாருக்கு லீவு கிடைக்கும்? அம்மா பக்கத்துக் கட்டடத்து நர்ஸ் ஒருத்தியிடம் ஒரு கைடை இரவல் வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். சாத்திய கதவுக்கு வெளியே நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பரீட்சையின்மேல் நல்ல எரிச்சல் இருந்தது.

மொபெட்டோ முடிகிற நேரம். கராஜில் அது நின்றுகொண்டிருந்த அழகைச் சொல்ல வேண்டும். அம்மா ஓட்டிய காலத்தில் இருந்த அதே கத்தரிப்பூ நிறத்தைக் கலப்பதற்கு பாய் மூன்று வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டார். பழைய சீட்டில் கோழி கொத்திய இடங்களை மறைத்து அப்பா புது ரெக்ஸின் தைத்திருந்தார். முன்னால் அம்மா பை மாட்டும் கொக்கியைக்கூட மறக்கவில்லை. என் நோட்டில் எல்லாம் அடிக்கப்பட்டு ஒன்றுதான் பாக்கி நின்றது: மேக்னட். எஞ்சின் கிளம்பும் அன்று பழையபடி என்னை முன்னால் நிற்கவைத்து அம்மா ஒரு ரவுண்டு அடிக்க வேண்டும் என்பது எனக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒப்பந்தம். பள்ளி பஸ்ஸில் நான் இதை அளவில்லாமல் அளந்துவைத்திருந்தேன். எங்களிடம் பைக் இருக்கிறது என்றே சொல்லியிருந்தேன்.

அக்டோபர் நடுவில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி அங்கிள் அவசர லீவில் ஊருக்குப் போனார். பரீட்சைக்கு முன் ஊரிலிருந்து வரப்போகிறவர் அவர் ஒருவர்தான். மூன்றில் ஒரு புத்தகம் வந்தாலே போதும், சிவப்பு அட்டை போட்டது, அதைக் கொடுத்துவிடச் சொல்லி அம்மா மாமாவிடம் பேசியதை நான் கேட்டிருந்தேன்.

அவர் திரும்பும் அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அம்மா கீழே கிராசரிக்குப் போயிருந்தாள். போன் அடித்தது.

“மக்களே, அம்மை எங்க?” என்றார் மாமா.

“கடைக்கு.”

“செரி, நீ சொல்லு ஆபீசரே. ஆளு வாசல்ல நிக்காரு, ஏர்போட்டுக்கு வண்டி வந்தாச்சு. புத்தகந்தானே குடுத்துவிடணும்? நேத்துத்தான் மேக்னட்டும் காயில் சுத்தி வந்தது. இந்தா ரெண்டும் மேசையில இருக்கு. ஒண்ணுதான் கொள்ளும்ங்காரு.”

நான் நோட்டைத் திறக்கவே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“மேக்னட் போதும் மாமா.”

“அம்மையா சொன்னா?”

“ஆமா. அம்மாதான் சொன்னாங்க.”

பின்னால் கார் ஹாரன் கேட்டது. “செரி மக்களே” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அங்கிள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அவசரமாகக் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். வெளியே சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் வெளியே வந்து பார்த்தால், அம்மா மேக்னட்டைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், அப்பா கண்ணில் படும்படி வைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்தார். அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அன்று ராத்திரி அவரே பாத்திரம் கழுவினார். அதுவரை நான் பார்க்காத காட்சி.

என்ன ஆனது என்று எனக்கு விளங்கவில்லை. திட்டு விழவில்லை என்பது மட்டும் விளங்கியது. அம்மா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு இதுபோன்ற நல்ல காலங்கள் அவ்வப்போது வரும் என்று நினைத்துக்கொண்டு நான் நோட்டில் மேக்னட்டை அடித்தேன்.

நவம்பரில் அம்மா பரீட்சை எழுதினாள். கொஞ்சம் மார்க்கில் போய்விட்டது. கம்ப்யூட்டர் கடையில் எடுத்த ரிசல்ட் தாளை நாலாக மடித்து, ஃப்ரிட்ஜின்மேல் விரித்திருந்த துணிக்கு அடியில் வைத்தாள். அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றார் அப்பா. அடுத்த தடவை என்றால் கெடு தாண்டிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் வந்திருந்தால் பாஸாகியிருப்பாளா? தெரியாது. வளர்ந்த பிறகு ஒரு லீவில் மாமா வீட்டில் அதை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் பென்சில் எழுத்து, நுணுக்கமாக, கட்டில் எண்ணும் மருந்துப் பெயருமாக. ஒரு மணிநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதலாக அதில் ஒரு வரியும் அகப்படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து நேராகக் கராஜுக்குப் போனோம். கராஜுக்குப் பின்னால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வெறும் மணல்தரை, அதன் கடைசியில் ஏதோ கிடங்கின் நீண்ட சுவர். அப்பா வண்டியை வெளியே உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டார். மேக்னட்டை முந்தின வாரமே மாட்டி, எஞ்சினைச் சோதித்தும் பார்த்துவிட்டார். ஆனால் ஓட்டவில்லை. முதலில் அம்மாதான் ஓட்ட வேண்டும் என்று பாயிடமும் சொல்லிவைத்திருந்தார். பாய் தன் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். எல்லோர் கையிலும் சாயா.

“யல்லா பாபி!” என்று அம்மாவைக் கிளம்பச் சொன்னார் பாய்.

அம்மா சுடிதார் ஷாலை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். கொக்கியில் கைப்பையை மாட்டினாள். கொக்கி இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை, கை தானாகப் போனது. அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவே, தமிழில், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினார். நான் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் மச்சான்கிட்ட புத்தகத்தைத்தான் குடுத்துவிடச் சொல்லியிருந்தேன், கேட்டியா. மேக்னட் எங்க போவுது, மெல்ல வரட்டும்னு. நீதான் எனக்காவ புத்தகம் வேண்டாம், மேக்னட் போதும்னுட்ட. மச்சான் சொல்லிட்டாரு. இத்தன நாளும் எப்படிச் சொல்லன்னு தெரியல.”

அம்மா அவரைப் பார்த்தாள். புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அதில் துடைக்க ஒன்றுமில்லை. என் முகம்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவள் கழுத்துச் செயின் தெரிந்தது. இதோ வருகிறது, இத்தனை பேர் முன்னால் வருகிறது என்று நின்றேன்.

“ம்” என்றாள் அம்மா, அப்பாவிடம்.

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பிறகும் சொல்லவில்லை. அப்பா இன்றும் விருந்தாளிகளிடம் அந்தக் கதையைச் சொல்வார். தொட்டி மீன் பதிலுக்குப் பதிலாக இப்போது இதுதான். தன் புத்தகத்தை விட்டுவிட்டு அவருடைய மேக்னட்டை வரவழைத்த மனைவி. அம்மா எழுந்து போய் காப்பி கலக்குவாள்.

வண்டியில் முன்னால் ஏறப் போன என்னை, “மொதல்ல நான் மட்டும் போயிட்டு வாறேன்” என்று மெல்லத் தள்ளி நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு உறுதியானது. சந்தோஷத்தில் நான் குதித்தேன்.

அம்மா வாட்சைத் தொட்டாள். வெளிப்பக்கம் இருந்த முகப்பை, நாகர்கோவிலில் டூட்டிக்குக் கிளம்பும்போது போல, உள்மணிக்கட்டுக்குத் திருப்பினாள். இரண்டு மிதி மிதித்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாயின் ஆட்கள் விசிலடித்தார்கள். நீலப் புகையைப் பின்னால் விட்டுக்கொண்டு வண்டி மணலில் ஆடாமல் அசையாமல் நேராகப் போயிற்று. ரவுண்டு அடித்துத் திரும்புவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் திரும்பவில்லை. கடைசிச் சுவர்வரை போய், ஒரு காலைத் தரையில் ஊன்றி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. மணிக்கட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மணி பார்ப்பது தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே அந்தச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது.

“பழக்கம் விட்டுப்போச்சு, திருப்பத் தெரியல” என்று அப்பா பெருமையாகச் சிரித்தார். பாயும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குத்தான் விஷயம் தெரியுமே. மணலில் போகிறவர்கள் வாட்சை உள்பக்கம் திருப்பித்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் தூசி படும், அதைத்தான் அம்மா சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பாயின் ஆட்களுக்கு நான் விளக்கிச் சொன்னேன்.